ஜீரோவுக்குப் பேடா கொடுத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரிசல்ட் நல்லதா கெட்டதா என்று தெரியாமலே லேப் முழுக்கப் பேடா கொடுத்த ஆள் நான்.

மராட்டிய ஊரான தளேகாவில் ஆன்டிபாடி மருந்து செய்யும் கம்பெனி; அதன் லேபில் எனக்கு வேலை. செல்களை வளர்க்க ரியாக்டரில் குளுக்கோஸ் விடுவோம். அந்தச் சர்க்கரை தானாகப் போய் ஆன்டிபாடியில் ஒட்டிக்கொள்வதுதான் கிளைகேஷன். டாக்டர் என்னைத் திட்டுவதற்காகவே எடுக்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் அளப்பதும் ரத்தத்தில் நடக்கும் இதே ஒட்டலைத்தான். கொஞ்சம் ஒட்டுவது சகஜம். அளவு மீறினால் மருந்து பிடிக்க வேண்டியதைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். நோயாளிக்குப் போகக் கூடாது.

ஒரு பேட்சில் பம்ப் மக்கர் பண்ணி குளுக்கோஸ் கூடுதலாக இறங்கிவிட்டது. தேறுமா, குப்பையா என்று நான்தான் சொல்ல வேண்டும். போரோனேட் நிரப்பிய குழாயில் சாம்பிளை விட்டால் சர்க்கரை ஒட்டியது உள்ளே தங்கும், மற்றது நேரே வெளியேறும். சர்க்கரை மாதிரியே போரோனேட்டில் ஒட்டும் சார்பிட்டாலை விட்டு, தங்கியதை இறக்கி அளப்போம்.

எதுவுமே தங்கவில்லை. ஜீரோ! புரொடக்‌ஷனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் பேடா வாங்கி வந்தேன். ஷுகர்காரன் நானே இரண்டு தின்றேன்.

லேப் ஹெட் தெரசா மேடம் ராணுவக் கேம்ப் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கும் பழைய தமிழ்க் குடும்பம். பேடாவைத் தொடவில்லை.

"அரே, ஜீரோவா? எப்படிங்க?"

"என் கைராசி மேடம்."

"ராசியை விடுங்க. கன்ட்ரோல் ஓட்டினீங்களா?"

ஓட்டவில்லை. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த பழைய பேட்ச்தான் கன்ட்ரோல். உடனே ஓட்டினேன். அதுவும் ஜீரோ. மிச்சமிருந்த பேடா டப்பாவை மூடி வைத்தேன்.

"மேடம், இந்த மருந்தோட பஃபர்ல..."

"பஃபர்ல என்ன?"

"சார்பிட்டால்."

மருந்து கரைந்திருக்கும் திரவம்தான் பஃபர்; அதில் மருந்து கெடாமலிருக்கச் சேர்த்தது சார்பிட்டால். பஃபரை மாற்றாமல் சாம்பிளை அப்படியே விட்டிருந்தேன். லோனாவாலா லோக்கல் ரயிலில் முந்தி ஏறிய கும்பல் மாதிரி சார்பிட்டால் எல்லா சீட்டையும் பிடித்துக்கொள்ள, சர்க்கரை ஒட்டிய ஆன்டிபாடி உட்கார இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது. எவ்வளவு ஒட்டியிருந்தாலும் என் குழாய் ஜீரோதான் காட்டியிருக்கும்.

புரொடக்‌ஷனில் அதற்குள் மருந்தைக் குப்பிகளில் நிரப்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். போனில் எனக்கு வாய் குழறியது. மேடம் பிடுங்கி, "ருக்கோ!" என்று நிறுத்தச் சொன்னார்.

சார்பிட்டாலை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். கன்ட்ரோல் சரியாக வந்தது. அடுத்து நம் பேட்ச். திரையில் கோடு எழும்பியது. ஏறாவிட்டால் மறுபடி பொய் ஜீரோ, அதிகம் ஏறினால் பேட்ச் குப்பை; ஏறு, ஏறாதே என்று இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். லிமிட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஒரு சர்க்கரை ஒட்டினால் எடை 162 டால்டன் கூடும். எடை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் அதையும் பார்த்தோம், ஒத்துப்போனது. பேட்ச் தேறியது.

"கோடு ஏறினப்ப உயிரே போயிடுச்சு மேடம்" என்றேன்.

"ஜீரோ வந்தப்பவே போயிருக்கணும்."