நாலாவது தோள்

இது நடந்தது. இட்டுக்கட்டியது இல்லை. நம்பாதவர்களுக்காக முதலில் சாட்சிகளைச் சொல்லிவிடலாம்.

அன்று மாதா கோவில் வராந்தாவில் இருந்தவர்கள்: கோவில்பிள்ளை இஞ்ஞாசி, மணியடிப்பதும் விளக்கேற்றுவதும் சாவி வைத்திருப்பதும் அவன் வேலை. மேலத்தெரு நாட்டாமை சந்தியாகு. நாட்டாமையின் மைத்துனன் ராயப்பன். இராஜபாளையம் பஞ்சுப்பேட்டையில் தராசு பிடிக்கும் அருளப்பன். சுக்குக் காப்பி கொண்டுவந்து, மழையில் வீடு திரும்ப முடியாமல் தூணோரம் உட்கார்ந்துவிட்ட இன்பம், இஞ்ஞாசியின் பெண்டாட்டி.

மழை பிடித்ததிலிருந்து விடும்வரை இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட வராந்தாவை விட்டு இறங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1934, ஐப்பசி. கல்லறைத் திருநாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற வண்டிப்பாதையில், கண்மாய்க் கரையோரம் இருந்த ஊர். ஒரே கோவில். வாசல் இரண்டு. மேலத்தெருக்காரர்களுக்கு முன்வாசல். கீழத்தெருக்காரர்களுக்கு வடக்கு வாசல். உள்ளே நுழைந்ததும் மரக்கிராதி. அதற்கு அந்தப் பக்கம் நின்று பூசை காணலாம். கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் சுவர். ஞானஸ்நானத் தண்ணீர் மட்டும் எல்லாருக்கும் ஒரே கிணற்றிலிருந்து வந்தது.

தூம்பாவிலும் அந்தப் பிரிவினைதான். பிணத்தைக் கிடத்திச் சுமக்கிற கறுப்பு மரப்பெட்டி அது. நான்கு பேர் தோள் கொடுக்க வேண்டும். பிணத்தைக் குழியில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கோவிலில் பூட்டிவிடுவார்கள். மேலத்தெருப் பிணத்துக்கு மட்டும்தான் தூம்பா. கீழத்தெருப் பிணம் கயிற்றுக் கட்டிலில் போகும்.

புதிதாக வந்த சாமியார் முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இதை மாற்றினார். "இனிமேல் தூம்பா எல்லாருக்கும் பொது" என்றார். கிராதிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி வாய்விட்டு அழுதாள். குழிவெட்டி தொம்மையின் பெண்டாட்டி சவரியாயி. நெஞ்சுச்சளி முற்றி இழுத்துக்கொண்டிருந்தவள். தன்னை அதில்தான் தூக்கிப் போக வேண்டும் என்று அன்றே புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளன்று மத்தியானம் செத்துப்போனாள். சாமியார் பக்கத்து ஊர்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொம்மை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வராந்தாப் படிக்குக் கீழே வந்து நின்றான்.

"அய்யா, தூம்பா வேணும்."

நாட்டாமை காப்பியை உறிஞ்சினார். "யாருக்குலே?"

"சவரியாயி போயிட்டாய்யா."

"அது தெரியும். தூம்பா யாருக்குன்னு கேட்டேன்."

ராயப்பன் சிரித்தான். "மாப்பிள்ள பல்லக்குக் கேட்டுல்லா வந்திருக்காரு. மேளமும் சொல்லிருவோமா?"

"சாமி பூசையில சொன்னாவ..."

"சாமி இன்னைக்கி இங்க இருப்பாவ, நாளைக்கி வேற ஊருக்கு மாத்திருவாவ" என்றார் நாட்டாமை. "நாங்கல்லா இங்கயே கெடக்கணும். ஒம் பொண்டாட்டி படுத்த பெட்டியில எங்க ஆத்தா படுக்கணுமோ?"

தொம்மை இஞ்ஞாசியைப் பார்த்தான். நாட்டாமையும் இஞ்ஞாசியைத்தான் பார்த்தார். இஞ்ஞாசியின் இடுப்பு மடிப்பில் சாவி உறுத்தியது.

"சாவி எங்கிட்ட இல்ல தொம்மை. சாமி கொண்டுபோயிட்டாவ."

இன்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

தொம்மை தலையில் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டான். பிறகு "சரிய்யா" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டான்.

கீழத்தெருவில் ஒப்பாரி எழுந்தது. மெல்ல நகர்ந்தது. கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். சத்தம் கண்மாய்க் கரை மேல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரே கூச்சல். "அய்யோ... அய்யோ..." அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மழைதான்.

அப்போதுதான் அது கேட்டது.

டொக்.

வராந்தாக் கோடியில் தூம்பா அறை. ஒரே கதவு. சன்னல் கிடையாது.

டொக்... டொக்... பிறகு மரம் தரையில் இழுபடும் சத்தம். நீளமாக.

"எலி" என்றான் ராயப்பன்.

"எம்புட்டுப் பெரிய எலி?" என்றான் அருளப்பன். யாரும் சிரிக்கவில்லை.

"இஞ்ஞாசி, சாவி ஒங்கிட்டதான இருக்கு. தெறந்து பாரேன்" என்றான் ராயப்பன்.

இஞ்ஞாசி அசையவில்லை. தொம்மை திரும்பி வந்தால்? சாவியோடு நிற்பதைப் பார்த்துவிட்டால்? சொன்ன பொய் அவனை உட்கார்ந்த இடத்தில் ஆணியடித்து வைத்திருந்தது.

சத்தம் நின்றது. அறைக்குள் எதுவும் இல்லாமல் போய்விட்டதைப் போல ஒரு நிசப்தம்.

இஞ்ஞாசி நாட்டாமையைப் பார்த்தான். நாட்டாமை தூணில் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. கையில் இருந்த லோட்டா சரிந்து, காப்பி வேட்டியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணாச்சி..."

கண் இமைக்கவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது. மேடு ஏறுகிறவனைப் போல.

இன்பம் எழுந்து வந்து புருஷன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அறைக்குள் மறுபடியும் டொக்கென்று ஒரு சத்தம். கனத்த எதையோ இறக்கி வைத்ததைப் போல. தூரத்தில் செங்கோட்டை ரயில் கூவியது. மழை விட்டது. நாட்டாமை குனிந்து வேட்டியைப் பார்த்தார்.

"காப்பிய யாருலே கொட்டுனது?"

எழுந்தவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ வலிக்கி. ஈரக்காத்துப் போல" என்றார். மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இஞ்ஞாசி தூம்பா அறைக் கதவைத் திறந்தான். இன்பம் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

தூம்பா அதன் இடத்தில்தான் இருந்தது.

அதன் கறுப்புத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே கண்மாய்ச் சேறு. சேற்றில் ஒரு நரை முடி.

தரை முழுக்கக் காலடிகள். வெறுங்கால்கள். பெட்டியைச் சுற்றி மட்டும். வாசற்படியில் ஒன்றுகூட இல்லை.

"ஏட்டி, வெளிய சொல்லாத" என்றான்.

"யாருகிட்டச் சொல்ல?" என்றாள் இன்பம்.

மறுநாள் விடிந்ததும் தொம்மை வந்தான். இந்த முறை படிக்குக் கீழே நிற்கவில்லை. மேல் படிவரை ஏறி வந்து இஞ்ஞாசியைக் கும்பிட்டான்.

"நீங்க நல்லாருக்கணும் அய்யா. வாயால இல்லன்னிய. ஆனா அனுப்பி வச்சிட்டிய."

"என்னத்த?"

"தூம்பாவ. கரையில வழுக்கிக் கட்டில் காலு ஒடிஞ்சிட்டு. அவ சேத்துல விழுந்துட்டா. நாங்க எடுக்க முடியாம நிக்கோம். அப்பத்தான் நாலு பேரு தூம்பாவத் தூக்கிக்கிட்டு வந்தாவ. தலையில சாக்கு. ஒரு வார்த்த பேசல. அவளத் தூக்கி உள்ள கெடத்துனாவ. குழி வரைக்கும் சொமந்தாவ. இறக்கிட்டு, இந்தப் பக்கமாத் திரும்பிட்டாவ. எங்க தெருவே பாத்துச்சு."

இஞ்ஞாசி தூம்பா அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "யாரு... யாரு அந்த நாலு பேரு?"

தொம்மை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தெரியாத மாதிரிக் கேக்கியளே. முன்னால கால இழுத்து நடந்தது நாட்டாமையோட அப்பா. பக்கத்துல அவிய சித்தப்பா. பின்னால ராயப்பன் அய்யாவோட அண்ணன்."

"அவிய செத்துல்லா போயிட்டாவ!"

"ஆமா. நாந்தான குழி வெட்டி இறக்குனேன். எனக்குத் தெரியாதா?"

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"சொமக்க வந்தவியளப் பாத்து என்ன பயம்யா?"

இஞ்ஞாசி கேட்க நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"நாலாவது?"

"அவிய உசிரோட உள்ளவியதான். நாட்டாமை அய்யா. வலது தோளுல சொமந்தாவ. சாக்கு நழுவுனப்ப மூஞ்சியப் பாத்தேன். கண்ணு இமைக்கவே இல்ல... பாவம், நல்லா மூச்சு வாங்குச்சு."

தொம்மை மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனான். எதிரே வந்துகொண்டிருந்த நாட்டாமைக்கும் கும்பிடு போட்டான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பய எதுக்குலே மேல்படி ஏறி வந்தான்?"

இஞ்ஞாசி சொன்னான். சேறு, முடி, காலடி, மூன்று செத்தவர்கள். நாலாவது ஆளை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

நாட்டாமையின் முகம் கறுத்தது. செத்த அப்பன் எழுந்து வந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவ அந்தப் பெட்டியில கெடந்தாளா?"

"அண்ணாச்சி..."

"நீ சாவி குடுத்தியாலே?"

"நீங்களுந்தான கூட இருந்திய!"

"கெடந்தாளா, இல்லையா?"

"கெடந்தா."

நாட்டாமை சாமியாரின் சமையல்கட்டான குசினிப் பக்கம் போய்க் கோடாலியோடு வந்தார். "அந்தச் சாமி வாரதுக்குள்ள அத வெறகாக்கணும். கதவத் தெற."

திறந்தான். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். வெளியே நல்ல வெயில். அறைக்குள் இருட்டு. ஈர மண் வாடை.

"உள்ள போவாதிய அண்ணாச்சி. ஒங்கள..."

"தள்ளுலே."

வலது தோளில் கோடாலியை வைத்துக்கொண்டு நாட்டாமை உள்ளே போனார்.

ஒரு வெட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

"யாரு அது?" என்றார் நாட்டாமை உள்ளே. பிறகு, சின்னப் பையன் குரலில், "அப்பா?"

காற்று இல்லை. கதவு தானாக நகர்ந்தது. சாத்திக்கொண்டது.

உள்ளே பூட்டு திரும்பியது. க்ளக்.

சாவி இஞ்ஞாசியின் கையில் இருந்தது.