காரில் ஏழாவது ஆள்

மைசூரில் வீடு இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. பெங்களூரில் இருந்தால் டிராஃபிக்கைச் சொல்லித் தப்பிக்கலாம். சென்னையில் இருந்தால் வெயிலைச் சொல்லலாம். மைசூரில் எதைச் சொல்வது? அரண்மனை இருக்கிறது, மலை இருக்கிறது, மிருகக்காட்சி சாலை இருக்கிறது, போதாததற்கு மே மாதத்திலும் சாயங்காலக் காற்று குளுகுளுவென்று வீசுகிறது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும் எட்வர்டின் போன் அடிக்கும். எட்வர்ட் "வாங்க, வாங்க, நம்ம வீடுதானே" என்பான். சமைக்கப் போவது அவன் இல்லை, ஆகவே தாராளமாகச் சொல்வான்.

அவன் மனைவி ஷாரன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது நாற்பத்தொன்பது. கோலார் தங்கவயலில் பிறந்தவள், கல்யாணமாகி மைசூர் மண்டி மொஹல்லாவுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். ஷாரனின் சிக்கன் பிரியாணிக்கு எட்வர்டின் சொந்தத்தில் பெரிய பெயர். அந்தப் பெயர்தான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

வழக்கம் இதுதான். விருந்தாளிகள் வருவார்கள். எட்வர்ட் தன் சிநேகிதன் விஜய்குமாரின் வண்டியைச் சொல்லிவைப்பான். டிரைவரைத் தவிர ஆறு பேர் உட்காரலாம். ஷாரன் விடிவதற்கு முன்னால் எழுந்து எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, சிக்கன் வறுத்து, டிபன் கேரியரில் கட்டித் தருவாள். வண்டி சந்துக்குள் நுழையாது என்பதால் எல்லாவற்றையும் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போய் ஏற்றுவாள். விருந்தாளிகள் ஐந்து, வழிகாட்ட எட்வர்ட், ஆக ஆறு. ஏழாவது ஆளுக்கு இடம் கிடையாது. "நீ உள்ளூர்தானே, எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவளும் சிரித்துக் கையாட்டிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மசாலா அரைக்கப் போய்விடுவாள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்ட எண்ணம் இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பாசமாகப் பேசிக்கொண்டே ஒருத்தியைச் சமையலறையில் விட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழு மணிக்கு அரண்மனையில் விளக்கு போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே ஆரம்பிப்பார்கள். "அடடா ஷாரன், லட்சம் பல்பாம், ஒரே நேரத்துல எரியுது பாரு!" அவள் தட்டு வைத்துக்கொண்டே கேட்பாள். தினமும் பஸ்ஸில் அந்த மதில் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. டியூட்டி இல்லாத ஞாயிறு மாவரைக்க, துணி துவைக்க. மற்ற ஞாயிறு டியூட்டி.

போன ஏப்ரலில் கலபுரகியிலிருந்து ஒரு அம்மாள் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தாள். கௌரம்மா என்று பெயர். டிஸ்சார்ஜ் ஆகும்போது, "சிஸ்டர், ஊருக்குப் போறதுக்கு முன்னால அரண்மனை லைட்டைப் பாக்கணும், எப்படி இருக்கும்?" என்று கன்னடத்தில் கேட்டாள். ஷாரன், "ரொம்ப நல்லா இருக்கும்மா, கண்டிப்பா பாருங்க" என்றாள். எந்த வாசலில் நுழைவது, எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று வேறு விளக்கினாள். எல்லாம் விருந்தாளிகள் வாயால் கேட்டது. அந்தப் பொய் அவளை அரித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்மேலேயே கோபம் வந்தது. இந்த வருஷம் அந்த விளக்கைப் பார்க்காமல் விடுவதில்லை என்று பஸ்ஸில் நின்றுகொண்டே முடிவு செய்தாள்.

மே மாதம் சென்னையிலிருந்து எட்வர்டின் அக்கா ஜேன் போன் செய்தாள். அவளும், கணவர் லாய்டும், மகள் வினிதாவும், வினிதாவின் இரண்டு பெண் குழந்தைகளும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வேண்டும், வண்டி சொல்லிவிடு என்றாள். எட்வர்ட் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ஷாரன் கை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அக்கா, வண்டி வேணாம். இந்தத் தடவை எல்லாரும் பஸ்ல போறோம். நானும் வரேன்."

"பஸ்லயா? என் முட்டிக்கு ஆகாதும்மா."

"சீட் கிடைக்கும்க்கா. கிடைக்கலன்னா நான் எழுந்திருச்சுத் தரேன்."

"நீயும் வந்துட்டா சமையல்?"

"மைசூர்ல ஓட்டலுக்கா பஞ்சம்?"

போனை வைத்ததும் எட்வர்ட், "அக்கா என்ன நெனைப்பா?" என்றான். ஷாரன் மறுபடி போனை எடுத்தாள். விஜய்குமாரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு சவாரி ஒப்புக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எட்வர்ட் நாளைக்கே மனசு மாறி ரகசியமாக வண்டி சொல்லக்கூடிய ஆள். அவனை அவளுக்குத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அப்படியே கிளம்பினார்கள். அன்றைக்கு அவள் அடுப்பைத் தொடவே இல்லை. ஓட்டலில் மசாலா தோசை சாப்பிட்டுவிட்டு சிட்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஜேன் பத்தடிக்கு ஒரு தரம் நின்று முட்டியைத் தடவிக்கொண்டாள். தடவும்போதெல்லாம் ஷாரனைப் பார்த்துக்கொண்டே தடவினாள்.

சாமுண்டி மலைக்குப் போகிற பஸ் கூட்டமாகத்தான் வந்தது. ஷாரனுக்கு இது தினப்படி வேலை. முழங்கையை எங்கே வைக்க வேண்டும், எந்தக் கம்பியைப் பிடித்தால் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று அத்துப்படி. ஏறிய வேகத்தில் நாலு சீட்டைப் பிடித்துவிட்டாள். ஜேனை உட்கார வைத்தாள், லாய்டை உட்கார வைத்தாள், வினிதாவையும் உட்கார வைத்துப் பிள்ளைகளை அவள் மடியில் தள்ளினாள். பிறகு நாலாவது சீட்டில், ஜன்னலோரம், தான் உட்கார்ந்துகொண்டாள். எட்வர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கண்டக்டர் வந்ததும் ஷாரன் ஆதார் அட்டையைக் காட்டி, கர்நாடகத்துப் பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கினாள். சென்னைக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஜேனுக்கு அது பொறுக்கவில்லை. "எங்க ஊர்ல பொம்பளைங்கன்னா ஃப்ரீதான். எந்த ஊர்னு அட்டையெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். சென்னையில் அவள் பஸ் ஏறி எத்தனை வருஷமாயிற்று என்று வினிதா கேட்கப் போனாள். லாய்ட் கண்ணைக் காட்டி அடக்கினார்.

லாய்டுக்குப் பஸ் பிடித்துப் போயிற்று. மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் குழந்தைகளோடு சேர்ந்து அவரும் "ஓ" என்று கத்தினார். கீழே ஊர் விரிந்தது. ஷாரன் நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி ஒரு விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. அவ்வளவு சின்ன இடத்திலா இத்தனை வருஷம் ஓடினோம் என்று சிரிப்பு வந்தது.

மலையில் குழந்தைகள் மகிஷாசுரன் சிலைக்கு முன்னால் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றார்கள். பெரிய நந்தியைப் பார்க்கப் படி இறங்க வேண்டும் என்றதும் ஜேன், "கார் இருந்தா டிரைவர் அங்கயே கொண்டு போய் விட்டிருப்பான்" என்றாள். ஷாரன், "நீங்க இங்க நிழல்ல உக்காருங்கக்கா, நாங்க பாத்துட்டு வரோம்" என்று இறங்கிவிட்டாள். 'நாங்க பாத்துட்டு வரோம்' என்பதை இருபத்து மூன்று வருஷமாக அவள் கேட்டிருக்கிறாள். சொல்லிப் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. ஆனால் நந்தி பார்க்க அழகாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார் இனிக்கிறது என்று ஜேன் முகம் சுளித்தாள். "நம்ம ஷாரன் வெச்சா எப்படி இருக்கும்!" என்றாள். புகழ்ச்சியா குத்தலா என்று பிரிக்க முடியாதபடி பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எட்வர்ட் உடனே, "ராத்திரிக்கு வீட்ல சாப்டுக்கலாம்க்கா" என்றான். ஷாரன் அப்பளத்தை நொறுக்கினாள்.

மிருகக்காட்சி சாலையில் சுற்றிவிட்டு ஆறு மணிக்கு அரண்மனைக்கு வந்தபோது உள்ளே ஏற்கெனவே கூட்டம் சேர்ந்திருந்தது. ஷாரன் கௌரம்மாவுக்குச் சொன்ன அதே இடத்துக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனாள். நேர் எதிரில், மறைப்பு எதுவும் இல்லாத இடம். துப்பட்டாவை மடித்துத் தரையில் போட்டு உட்கார்ந்தாள். கால் வலித்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. அரண்மனை சாதாரணக் கட்டடமாகச் சாம்பல் நிறத்தில் நின்றது.

ஆறே முக்காலுக்கு ஜேன் குனிந்து, மெதுவாக, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"ஷாரன், நீ ஒரு காரியம் பண்ணு. நீ முன்னால போயி உலை வெச்சுடு. நாங்க லைட்டைப் பாத்துட்டு வந்தா சுடச்சுடச் சாப்பிடலாம். பிள்ளைங்க பாவம், மத்தியானமும் சரியா சாப்பிடல. நீதான் வருஷா வருஷம் பாக்கறியே, உனக்கென்ன புதுசா?"

எட்வர்ட் ஷாரனைப் பார்த்தான். இருபத்து மூன்று வருஷத்துப் பார்வை அது. எழுந்துவிடு, சத்தம் வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வைக்கு அவள் எத்தனையோ தரம் எழுந்திருக்கிறாள். இப்போதும் உடம்பு பழக்கத்தில் லேசாக அசைந்தது. அவளுக்கே அது தெரிந்தது. அதனாலேயே ஆத்திரம் பொங்கிற்று.

பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து ஜேனிடம் நீட்டினாள்.

"அரிசி அடுப்புக்குக் கீழ டப்பாவுல இருக்குக்கா. பஸ் ஸ்டாண்டு எதிர்லயேதான். பசிக்கிறவங்க போயி உலை வைக்கலாம்."

"என்ன பேசற நீ?"

"நான் இதை ஒரு தடவைகூடப் பாத்ததில்லக்கா."

"போம்மா, மைசூர்லயே இருந்துக்கிட்டு..."

"மைசூர்ல நான் ஆஸ்பத்திரியையும் அடுப்பையும் பாத்திருக்கேன். உங்க கார்ல ஆறு பேருக்குத்தான் இடம். நீங்க எல்லாரும் லைட்டைப் பாத்துட்டு வந்து என்கிட்ட கதை சொன்னீங்க. நான் சோறு போட்டுக்கிட்டே கேட்டேன். இன்னிக்கு யாரு கூப்பிட்டாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். கர்த்தரே வந்து கூப்பிட்டாலும் ஏழு மணி ஆகட்டும்னுதான் சொல்லுவேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஜேனின் முகம் சிவந்துவிட்டது. "வா எட்வர்ட், நாம போலாம். இங்க மரியாதை இல்ல" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். எட்வர்ட் அவள் பின்னால் நாலு எட்டு வைத்தான். பிறகு நின்று திரும்பினான்.

"ஷாரன், நிஜமாவே நீ பாத்ததில்லையா?"

அவன் முகத்தில் நிஜமான குழப்பம் இருந்தது. இந்த மனிதன் ஒவ்வொரு வருஷமும் இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.

எட்வர்ட் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஜேன் தூரத்தில் சாவியோடு நின்றாள். தனியாக எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று அவளுக்குத் தெரியாது, கேட்பதற்கும் வாய் வரவில்லை. லாய்ட் குழந்தைகளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்து, எதையும் காதில் வாங்காதவர் மாதிரி மென்றுகொண்டிருந்தார்.

சொல்லிவைத்த மாதிரி விளக்கு வந்தது. ஒரு நொடிக்கு முன்னால் இருட்டாக இருந்த சுவர், கோபுரம், மாடம், வாசல் எல்லாம் பொன்னிறக் கோடாகி எரிந்தன. கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஹோ" என்றது. யாரும் ஷாரனிடம் சரியாகச் சொல்லவே இல்லை. லட்சம் பல்பு என்றார்களே தவிர, அந்த வெளிச்சம் வந்து தன் கைமேல், மடிமேல் விழும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி டெட்டாலில் வெளுத்துப்போன அந்தக் கையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்தோமே என்று கோபமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன, அவள் எதையும் அடக்கவில்லை.

வினிதா குழந்தைகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். லாய்ட் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். விறைத்து நின்ற ஜேனும் முறுக்கை விட்டு மெதுவாக வந்து அந்த வரிசையில் நின்று தலைமுடியைச் சரி செய்தாள். வினிதா போனை நீட்டினாள்.

"அத்தை, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்."

ஷாரன் கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப முடியாதும்மா. நான் பாத்துட்டிருக்கேன்."

வினிதாவின் கை நீட்டியபடியே நின்றது. எட்வர்ட் எழுந்து போய் அந்தப் போனை வாங்கினான். அரண்மனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் படமெடுக்க அவர்களுக்கு எதிரே வந்து, ஷாரனுக்கு நேர் முன்னால் நின்று, போனை உயர்த்தினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் ஷாரன். "மறைக்குது."