ஏரிக்குப் போன பஸ்சில் என் இடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். பல விஷயம் மறந்தும் போச்சு. ஹாஸ்டல் வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற பெண்கள் படிக்கட்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அது நிஜம்தான்.

1. வீடு வீடாக

அறுபதுகளில் கடலூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் ஆயா வேலை பார்த்தேன். வயசு இருபத்தஞ்சுகூட இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் ஆயா. பெரிய கிளாஸ் பெண்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போக வார்டன் அம்மா திட்டம் போட்டார். தனி பஸ், மூன்று நாள், மலை, ஏரி, போட். பெண்களுக்கு அதே பேச்சு.

அப்பாக்கள் சரி என்றார்கள். அம்மாக்கள்தான் மசியவில்லை. எங்கள் பக்கத்தில் வயசுப் பெண்ணை வெளியூர் அனுப்பினால், அம்மா அவள் கையை இன்னொரு பெண்பிள்ளை கையில் பிடித்துக் கொடுப்பாள். வாங்கினவள்தான் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். அதனால் வார்டன் அம்மா என்னை வீடு வீடாக அனுப்பினார். குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு, கடைசியாகப் பரங்கிப்பேட்டை. நிமிர்ந்து பேசவே கூச்சப்படுகிற நான், "நான் கூடவே போறேங்க, நானே கொண்டாந்து விடுறேங்க" என்று எல்லா வாசலிலும் சொன்னேன்.

பரங்கிப்பேட்டையில் ஜமீலா என்கிற ஹாஸ்டல் பெண்ணின் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"ஏரின்னா தண்ணிதானே? இங்க கடலே கெடக்கு, அதப் பாக்கட்டும்."

"உம்மா, கடலத்தான் தெனம் பாக்குறனே! இது மலை மேல இருக்கு" என்றாள் ஜமீலா. கடலூர், சிதம்பரம் தாண்டிப் போகாத பெண், அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"நீ போறியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"போறேங்க."

"அப்ப சரி. முட்லூர் கூட்ரோட்டுல வச்சி உன் கையில குடுக்கிறேன்."

2. கூட்ரோட்டில்

கிளம்புகிற காலையில் ஸ்டவ், அரிசி மூட்டை, கம்பளி எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தேன். வார்டன் அம்மா கூப்பிட்டார்.

"ஆயா, நீ நின்னுக்க. ஹாஸ்டல் மேனேஜர் வீட்டம்மாவும் அவுங்க தங்கச்சியும் சிதம்பரத்துல ஏறுறாங்க. உனக்கு எடம் இல்ல."

"அம்மா, எல்லா வீட்டுலயும் நான் வரேன்னு சொல்லிட்டு வந்தனே?"

"சொன்னா என்ன? அவுங்க மலைக்கு வந்து பாக்கப் போறாங்களா?"

என் முகத்தைக் காட்டி உத்தரவு வாங்கியாச்சு, இனி முகம் வேண்டாம். அவ்வளவுதான் நான். அழுகைகூட வரவில்லை, அத்தனை ஆத்திரம். அவர்கள் சாமான் ஏற்றி முடிப்பதற்குள் லைன் பஸ் பிடித்து முட்லூரில் இறங்கினேன்.

ஜமீலாவும் உம்மாவும் நின்றிருந்தார்கள். "நான் போவலைங்க, என்னை நிறுத்திட்டாங்க. அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்" என்றேன். ஜமீலா பையை ரோட்டில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

எங்கள் பஸ் வந்து நின்றது. உம்மா வார்டன் அம்மா முன்னாலேயே மகளை எழுப்பி அவள் கையை என் கையில் வைத்து அழுத்தினார்.

"நீ ஏறு. உன்னை எறங்கச் சொன்னா எம் புள்ளையும் எறங்கும்."

ஏறினேன். காலியாக இருந்த சீட்டில் ஜமீலாவோடு உட்கார்ந்தேன். "சிதம்பரத்துல மரியாதையா எறங்கிடு" என்று வார்டன் அம்மா பல்லைக் கடித்தார்.

3. சிதம்பரத்தில்

மேனேஜர் வீட்டம்மா பட்டுப்புடவையும் டிரங்குப் பெட்டியுமாக ஏறினார், பின்னால் தங்கச்சி.

"யாருடி இது, நம்ம எடத்துல?"

என் வாழ்நாளில் பெரிய இடத்து அம்மாவிடம் நிமிர்ந்து பேசினது அன்றைக்குத்தான். எழுந்து நின்று ஜமீலாவின் கையை நீட்டினேன்.

"எறங்கிடுறேங்க. இந்தப் பொண்ணை அவுங்க அம்மா என் கையில குடுத்திருக்காங்க. மத்த பொண்ணுங்களையும் அப்பிடித்தான். நீங்க வாங்கிக்குங்க. திரும்பி வந்து வீடு வீடா நீங்கதான் ஒப்படைக்கணும்."

அந்த அம்மா கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்குடி இந்த வம்பு? நாங்க ஏரி பாக்க வந்தோம்!"

பின்னாலிருந்து ஒரு பெண், "அப்ப ஆயா உக்காரட்டும்" என்றாள். நான் உட்கார்ந்தேன். தங்கச்சி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தார், வழியெல்லாம் முனகிக்கொண்டு.

திரும்பி வந்து எல்லாப் பெண்களையும் அவரவர் அம்மா கையில் ஒப்படைத்தேன். அதற்குக் கூலியாக என்னைக் கக்கூஸ் கழுவப் போட்டார்கள். அடுத்த வருஷம் அதே வார்டன் அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆயா, ஏற்காடு போறோம். வீடு வீடா போய் கேட்டுட்டு வா."

"பஸ்சுல என் சீட்டு எதுன்னு மொதல்ல காட்டுங்க. அப்புறம் போறேன்."

வேலைக்கு வந்த பெண்களே, உங்களை வாக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் நீங்களும் இதையே கேளுங்கள்.

பஸ் எந்த வழியாக மலை ஏறியது, எங்கே தங்கினோம் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அன்றைக்கு வந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்துங்கள். ஏரி எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள். நான் கரையில் நின்று உங்கள் தலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.