தங்கை வீட்டில் ஒரு நகல்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் குருமூர்த்திக்குச் சோதனை வேலை. சூளையிலிருந்து வந்த ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததை ஒதுக்க வேண்டும். பல வருஷம் அதையே செய்ததாலோ என்னவோ, எதைக் கண்டாலும் உள்ளே ஒரு விரிசல் இருக்கும் என்றே அவருக்குப் படும். பால்காரர் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பாலை இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பார்.

அவருக்கிருந்த ஒரே ஆசை புத்தகம். பழைய நாவல், கல்வெட்டு, சித்த வைத்தியம் என்று தேடித் தேடிக் கம்ப்யூட்டரில் ஒரு நூலகமே சேர்த்திருந்தார். ஒருநாள் அது ஆன் ஆகாமல் அடம்பிடித்தது. மெக்கானிக் சரிசெய்து கொடுத்துவிட்டார். ஆனால் குருமூர்த்தியின் தூக்கம் போய்விட்டது.

"இண்டர்நெட்டுல போட்டு வெச்சிடுங்களேன்" என்றாள் மனைவி பூங்கோதை.

"அவன் நாளைக்குக் கதவச் சாத்திட்டா யாருகிட்டப் போயி கேக்கறது?"

கடைசியில், சினிமா சிடி மாதிரி இருந்தாலும் பல வருஷம் கெடாது என்கிற ப்ளூ-ரே டிஸ்க்குதான் என்று முடிவு செய்தார். வாங்கியதில் ஒன்றில் சில புத்தகங்களை எழுதி, வெயில் தாங்குமா என்று பார்க்க அதைப் பாதி மூடி, சித்திரை முழுக்க மொட்டைமாடியில் காயப்போட்டார். வெயில் பட்ட பாதியும் நன்றாகவே ஓடியது. இந்த வருஷம் வெயில் போதவில்லையோ என்று அதையும் சந்தேகப்பட்டார். பிறகு எல்லாப் புத்தகங்களையும் இரண்டிரண்டு நகலாக எழுதினார். எழுதியது சரி என்று கம்ப்யூட்டர் சொன்னதை நம்பாமல், ஒவ்வொரு டிஸ்க்கிலும் சில புத்தகங்களைத் திறந்து நடுப்பக்கத்தைப் படித்துப் பார்த்தார்.

"வூடு பத்திக்கிட்டா ரெண்டு செட்டும்தான போவும்?" என்று பூங்கோதை விளையாட்டாகத்தான் கேட்டாள். மறுநாளே ஒரு செட்டைப் பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டு, கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் தங்கை சொர்ணாம்பாளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

சில மாதம் கழித்து, சொர்ணாம்பாளின் கணவன் கொளஞ்சிநாதன் தன் கம்புக் கொல்லையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருந்தான். கதிருக்கு மேலே கயிற்றில் என்னமோ பளபளத்தது. குருமூர்த்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டிஸ்க்கு! குருவி விரட்டக் கட்டியிருக்கிறான்.

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். நேரே கொல்லையில் இறங்கி, தொங்கிய ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பழைய சினிமா டிஸ்க்குகள். ஆனாலும் மனசு ஆறவில்லை. சினிமாவைத் தொங்கவிட்டவன் இதை மட்டும் விட்டு வைத்திருப்பானா?

வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற அண்ணனைப் பார்த்ததும் சொர்ணாம்பாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"பொட்டி எங்க?"

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டேப்பின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினார்.

"நான் பிரிச்சிருப்பன்னு பாக்கறியாண்ணே?"

"அதில்ல சொர்ணா... கொல்லையில டிஸ்க்கப் பாத்தன், அதான்..."

"ஓ, அதுக்குத்தான் வந்தியா? எடுத்துக்கிட்டுப் போயிடு. இது இனிமே என் வூட்டுல இருக்க வேணாம்."

"மச்சான், சாப்ட்டுட்டாவது போங்க" என்றான் கொளஞ்சிநாதன். குருமூர்த்தியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெட்டி விருத்தாசலம் திரும்பியது. பட்டறையில் வைத்தால் சூளைச் சூடு. சிநேகிதர் வீட்டில் வைத்தால் பிரித்துப் பார்ப்பார். சம்பந்தி வீட்டில் பிள்ளைகள். தெரிந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து, ஒவ்வொருவரையும் தள்ளினார். கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருந்தது தங்கை ஒருத்திதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அவள் வாசலில் போய் நின்றார்.

"தப்பா நெனச்சிட்டன், சொர்ணா."

அவள் டேப்பின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"எங்க வெப்பன்னு சொல்ல மாட்டன். நீ தேடிக்கிட்டும் வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார்.

சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, நெல்லு மூட்டைப் பக்கம் வைத்துவிடுவாளோ, அங்கே எலி இருக்குமே என்று தோன்றியது. இரண்டு எட்டு திரும்பி நடந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.