ஏதென்ஸை ஒரு நாள் ஆண்ட சல்லடைக்காரர்

மிக்கியோன் கோரையில் சல்லடை பின்னுகிறவர். ஊர் அனகிருஸ், ஏதென்ஸ் நகரத்துக்குத் தெற்கே கடலோரம். அங்கே சதுப்பில் ஒரு செடி மண்டிக் கிடக்கும். மிதித்தால் நாறும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் எதற்கு என்று கேட்பார்கள்.

ஐம்பத்திரண்டாவது வயதில், ஆள் எடுக்கும் குலுக்கலில் அவர் பெயருக்கு வெள்ளை மொச்சை விழுந்து, நகரத்தை நடத்தும் ஐந்நூற்றுவர் சபைக்குப் போனார். பேசத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மொச்சைக்கு அதெல்லாம் தெரியாது. அந்தச் சபையில் தினமும் ஒருவருக்குச் சீட்டு விழும். அவர்தான் அன்றைக்கு நகரத்தின் தலைவர். நகர முத்திரையும், கருவூலக் கோயில்களின் சாவிகளும் அவர் கழுத்தில். சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் மறையும்வரை சபைக்காரர்கள் தங்கிச் சாப்பிடும் வட்டமாளிகைக்குள்ளேயே இருக்க வேண்டும், வாசலைத் தாண்டக் கூடாது. ஆயுளில் ஒரே தடவைதான் ஆளலாம். அதற்கு மேல் விட்டால் மனிதன் கெட்டுப்போவான் என்பது ஏதென்ஸ்காரர்களின் அனுபவம்.

மிக்கியோனுக்குச் சீட்டு விழுவதற்கு நாலு நாள் முன்னால் அவருடைய கழுதை காணாமல் போயிருந்தது. கழுதை இல்லாவிட்டால் சல்லடை சந்தைக்குப் போகாது, அது ஒரு பக்கம். பதினோரு வருஷமாகக் கூடவே நடந்த ஜீவன் அது. நாலு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாவிக்கொத்தைக் கழுத்தில் மாட்டிய இரவும் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பொறுப்பின் பாரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் உச்சிவேளைக்கு வட்டமாளிகை வாசலில் ஒரு சத்தம் கேட்டது. கேட்ட குரல்தான். அவர் மனைவி லிசில்லா கழுதையின் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிற்றின் மறுமுனை மெகாரா ஊர் வியாபாரி ஒருவர் கையில் இருந்தது. நடுவில் கழுதை, யாருடனும் போகாமல், ஆணி அடித்தாற்போல் நின்றது.

"ஏங்க! வெளிய வாங்க. நம்ம தடியன் கிடைச்சுட்டான்!"

"வர முடியாது லிசில்லா."

"ஏன், கால் சுளுக்கிடுச்சா?"

"நான் இன்னிக்கு நகரத்துக்கே தலைவர்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. வந்து கழுதையைத் தொடுங்க."

"தலைவர் வாசலைத் தாண்டக் கூடாது."

"வேற யாரு தாண்டலாம்?"

மிக்கியோன் யோசித்துப் பார்த்தார். "மத்த எல்லாரும்."

வியாபாரியும் நியாயம்தான் பேசினார். "அண்ணே, நான் காசு குடுத்து வாங்கினவன். உங்களதுன்னா நீங்க வந்து கைவச்சு, நாலு பேர் முன்னால சொல்லுங்க, விட்டுடுறேன். பொம்பளை சொன்னா வழக்காகுமா? இருட்டுறதுக்குள்ள நான் எலூசிஸ் போய்ச் சேரணும்."

மிக்கியோன் உள்ளே திரும்பினார். சபை உறுப்பினர் தெய்னியாஸ் ஆலிவ் காய் தின்றுகொண்டிருந்தார்.

"கழுதை உங்க சொந்த விவகாரம். மக்கள் மன்றத்துக்குக் கொண்டு போகணும்னா அஞ்சு நாள் முன்னாடி அறிவிப்பு ஒட்டணும்."

"இன்னிக்கு நான்தானே தலைவர்?"

"அதனாலதான் சொல்றேன். நீங்களே விதியை மீறலாமா?" என்று சொல்லிவிட்டு, தெய்னியாஸ் கொட்டையைத் துப்பினார்.

வியாபாரி இழுக்க ஆரம்பித்தார். லிசில்லாவின் உள்ளங்கையில் கயிறு அறுத்தது. அவள் விடவில்லை.

"உள்ள சல்லடை இருக்கா?" என்று கத்தினாள்.

மிக்கியோனுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் தினமும் மாவு சலித்து, தவிட்டைக் கழுதைக்குத்தான் வைப்பார்கள். சல்லடையைத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடிவரும். மாளிகையின் சமையற்கட்டுக்கு ஓடினார். ஆணியில் மாட்டியிருந்தது அவரே பின்னி விற்ற சல்லடை. விளிம்பில் இரண்டு இழை தளர்ந்திருந்ததை அந்த அவசரத்திலும் கவனித்தார்.

அப்புறம் ஏதென்ஸின் தலைவர், கழுத்தில் சாவிகள் குலுங்க, வாசலில் நின்று வெறும் சல்லடையைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து பைசாந்தியம் என்ற வெளிநாட்டு நகரத்தின் தூதர்கள் வந்து சேர்ந்தார்கள்.

"யார் இவரு?" என்று காவலனிடம் கேட்டார்கள்.

"எங்க தலைவர்."

"எப்ப வரைக்கும்?"

"பொழுது சாயற வரைக்கும்."

கழுதையின் காது நிமிர்ந்தது. அடுத்த கணம் லிசில்லாவையும் வியாபாரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. மிக்கியோன் எட்டி அதன் நெற்றியில் கைவைத்தார். "இது என் கழுதை" என்று சொல்லும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நகரத் தலைவர் அழுதார் என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வியாபாரி கயிற்றை விட்டுவிட்டு, தனக்கு விற்றவனைத் தேடிப் போனார்.

வருஷக் கடைசியில், சபையில் இருந்த எல்லோரையும்போல மிக்கியோனும் தணிக்கை மன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. தெய்னியாஸ் எழுந்து குற்றம் சொன்னார். நகரத்தின் சல்லடையைச் சொந்த வேலைக்கு எடுத்தார், இடது கால் வாசலைத் தாண்டியது.

"தாண்டலைங்க," என்றார் மிக்கியோன். "கைதான் தாண்டிச்சு. கையைப் பத்தி விதி எதுவும் சொல்லலை."

"சாட்சி உண்டா?"

"தெய்னியாஸ் பின்னால உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு. தூதருங்க சல்லடையைப் பார்த்தாங்க, காவலன் தூதருங்களைப் பார்த்தான். முன்னாலேருந்து என் காலைப் பார்த்தது மூணு பேர். வியாபாரி மெகாரா போயிட்டாரு. மிச்சம் என் சம்சாரமும் கழுதையும். அவங்க ரெண்டு பேரையும் நீங்க இங்க பேச விட மாட்டீங்க."

மன்றம் குலுங்கிச் சிரித்தது. சிரித்த கையோடு விடுதலையும் செய்தது. மிக்கியோன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது லிசில்லா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு இன்னும் இருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"சாட்சி கேட்டாங்க. உன் பேரைத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"விட்டுட்டாங்க," என்றார். சிரித்ததைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

லிசில்லா தவிட்டைக் கழுதைக்கு முன்னால் கொட்டினாள்.

"நல்லவேளை, என்னைக் கூப்பிடலை," என்றாள். "இடது கால் முழுசா வெளியதான் இருந்துச்சு."