சவுரியம்மாள் தேடிய ஜாமீன்

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, கூட்டத்தில் நசுங்கி எப்படியோ கப்பலேறித் தப்பித்து வந்தவள் சவுரியம்மாள். கூடவே வந்த புருஷன் ராயப்பனுக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். போய்ப் பார்த்தால் அவன் உறவு என்று அங்கே ஒருவரும் மிச்சமில்லை. கப்பலில் பழகிய ஒருவர் சொன்னதை நம்பி, திண்டிவனத்துக்கு மேற்கே நாலு மைலில் இருந்த ஒரு சேரிக்கு வந்தார்கள். அங்கிருந்த மாதாகோயில் உபதேசியார் இரக்கப்பட்டு, சேரிக் கடைசியில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் காட்டினார்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாசம் அது. ராயப்பன் ரயிலடியில் மூட்டை தூக்கப் போவான். ஊர்த்தெரு வழியாகப் போனால் தூரம் குறைவு. ரங்கூன் பழக்கத்தில் சட்டையும் செருப்புமாக நடந்தான். வேண்டாமப்பா என்றார்கள் சேரிக்காரர்கள். "தொரைங்க எதிரிலியே செருப்போட நின்னவன் நான்" என்று சிரித்தான்.

நாலாம் நாள், அந்த ஊரில் நிலபுலம் அதிகமுள்ள பெரியதம்பி அவனைக் களத்துமேட்டு வேப்பமரத்தில் கட்டச் சொன்னார். "ராயப்பா, நடப்பியாடா? ராயப்பா, இன்னும் நடப்பியாடா?" என்று பேர் சொல்லிச் சொல்லி அடித்தார். சவுரியம்மாள் ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை.

"வேற எங்கனா போயிடலாம்" என்றான் ராயப்பன்.

அவள்தான் கேட்கவில்லை. "எத்தினி ஊருக்குத்தான் ஓடிக்கினே இருக்கிறது? கோர்ட்டு கச்சேரின்னு ஒண்ணு இருக்குது இல்ல? வா, போவலாம்."

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் வேங்கடேசன் கூலி வாங்காமலே எழுதிக்கொடுத்தார். "உசுருக்குப் பாதுகாப்பு கேட்டிருக்கேம்மா. சட்டத்துல அதுக்கு இடமிருக்கு."

சட்டத்தில் வேறொன்றுக்கும் இடமிருந்தது. இரண்டு கட்சிக்காரர்களாலும் அமைதி கெடும் என்று போலீஸ் எழுதி அனுப்பியது. அடித்தவரும் அடிபட்டவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். நாலு வாய்தா முடிந்தபின் மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். ஆறு மாசம் ஒழுங்காக இருப்பதற்கு ஆளுக்கு இரண்டு ஜாமீன்தார் வேண்டும். நிலம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாசமும் ஜெயில்.

பெரியதம்பியின் மச்சான்கள் இரண்டு பேர் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர் சங்கதி அதோடு முடிந்தது.

"உன்னைத் தெரிஞ்சவங்க யாருப்பா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

ராயப்பன் சுற்றிலும் பார்த்தான். சாப்பாட்டுக்குக் கோர்ட் கலைந்து திரும்பக் கூடும் வரைக்கும் தவணை கிடைத்தது.

சவுரியம்மாள் ஓடினாள். உபதேசியாருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ரயிலடி மேஸ்திரி, "நல்ல மனுசன்தாம்மா. ஆனா நேத்து வந்த ஆளு, நான் எப்பிடி நிக்கறது?" என்றான். வேங்கடேசன் தன் வீட்டுப் பத்திரத்தோடு ஓடிவந்தார். அடமானத்தில் இருக்கிற வீடு செல்லாது என்று குமாஸ்தா அதைத் தள்ளிவிட்டார்.

கோர்ட் வாசல் புளியமரத்து நிழலில் பெரியதம்பி உட்கார்ந்திருந்தார். நிலம் உள்ளவர்களில் ராயப்பனைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சவுரியம்மாள் அவர் காலில் விழுந்தாள்.

"ஆண்டே, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எங்களைத் தெரியும்னு சொல்லுங்க. நாளைக்கே ஊரை விட்டுப் போயிடறோம்."

பெரியதம்பி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "யாரும்மா நீ? உம் புருசன் யாரு? ராயப்பனா? அப்பிடி ஒருத்தனை நான் பார்த்ததே இல்லியே."

மச்சான்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விலங்கு மாட்டி இழுத்துப் போகையில் ராயப்பன் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீதான கச்சேரிக்கு வரச் சொன்னே" என்றான். அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆவணியில் கடலூர் ஜெயிலுக்கு நடந்தே போனாள். காங்கிரஸ்காரர்களால் ஜெயில் நிரம்பி வழிந்தது. பழைய கைதிகளில் பாதிப் பேரை வேறு ஊர்களுக்கு ஏற்றிவிட்டார்களாம். ராயப்பன் போனது எந்த ஊருக்கு என்று வார்டர் பார்த்துச் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஊர்க்காரர்கள் வந்து அவள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். ஜெயிலுக்குப் போனவன் பெண்டாட்டிக்கு அங்கே இடமில்லை என்றார்கள். விழுப்புரம் போவதாக உபதேசியாரிடம் மட்டும் சொல்லிவிட்டு, நனைந்த துணி மூட்டையோடு கிளம்பினாள்.

விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மண்டியில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுக்கும் வேலை. நகம் பிய்ந்து, விரல் காய்த்துப் போயிற்று. ஆறு மாசம் முடிந்து தை பிறந்ததும் அவனை எதிர்பார்த்தாள். மாசி போனது, பங்குனி போனது. செத்திருப்பான் என்று பேசினார்கள். அவள் தாலியைக் கழற்றவில்லை.

நாற்பத்தைந்தில் உபதேசியாரைச் சந்தையில் பார்த்தாள். மனுஷருக்கு அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது. நீ கிளம்பிப் போன அந்த மாசமே என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களம்மா, அவன் வந்தது எனக்கே பின்னால்தான் தெரிந்தது என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். ராயப்பன் அந்தத் தையிலேயே வந்திருக்கிறான். குடிசை இருந்த இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறான். பயத்தில் சேரியில் யாரும் வாய் திறக்கவில்லை. ஊர்த்தெருவிலிருந்து ஒருவன் வந்து, அவள் எவன்கூடவோ ஓடிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான்.

"நம்பினாராமா?" என்று கேட்டாள் சவுரியம்மாள்.

"தெரியலம்மா. எழுந்து போயிட்டானாம்."

எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. மண்டியில் மணி அடித்தது. தாமதித்தால் தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு விடுவிடென்று நடந்தாள்.