காதர் பாய்க்கு வைத்த பாக்கி

தாம்பரம் மெயின் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் மூன்று பேர் இருக்கிறோம்: நான், என் மனைவி ஸ்டெல்லா, மெக்கானிக் காதர் பாய். நாளைக் காலை நான் மட்டும் மோட்டார் சைக்கிளில் டில்லிக்குக் கிளம்புகிறேன்.

நடுவழியில் கிளட்ச் ஒயர் அறுந்தால் என்ன செய்வேன் என்று எனக்கு ஒரே கவலை. பாய் பழைய ஒயரை ஒட்டியே புது ஒயர் ஒன்றையும் ஓட்டி, டேப் சுற்றுகிறார். அறுந்தால் மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.

“அதுவும் அறுந்துட்டா, பாய்?”

“இன்னா சார், நீ வண்டி ஓட்டப் போறியா, ஒயர் விக்கப் போறியா?”

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. காலையிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. நான் பர்ஸை எடுத்துப் பணத்தை நீட்டியதும் வாயைத் திறக்கிறாள்.

“மளிகைக்கடை, பால்காரர், எல்லார் கடனையும் இவர் அடைச்சுட்டார், பாய். உங்களதுதான் மிச்சம். திரும்பி வராதவர் மாதிரி பண்றார்.”

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டி வரக் கூடாதே என்றுதான் அடைத்தேன். அதை எப்படிச் சொல்வது?

பாய் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொள்கிறார். வாங்கிய பணத்தில் ஏழு ரூபாயை என் சட்டைப்பையில் திருப்பிச் செருகுகிறார்.

“இது கடனாவே இருக்கட்டும் சார். டில்லியப் பாத்துட்டு வந்து குடு. விட மாட்டேன்.”

“விடாதீங்க பாய்” என்கிறாள் ஸ்டெல்லா. இப்போது சிரிக்கிறாள்.

காதர் பாய்க்குத் தர வேண்டியது ஏழு ரூபாய்.